எஃப்எஸ்டேப்பில் சேர்த்ததும் டிஸ்க் பக்கப்பட்டையிலிருந்து மறைவது ஏன்?

இளவேனில்:
வணக்கம். என் லினக்ஸ் கணினியில் இரண்டாவதாக ஒரு ஹார்டு டிஸ்க் இருக்கிறது. ஒரே பார்ட்டிஷன், ஃபைல்சிஸ்டம் ஈஎக்ஸ்டி4. டெஸ்க்டாப் க்னோம், ஃபைல் மேனேஜர் நாட்டிலஸ். முன்பு அந்த டிஸ்க் பக்கப்பட்டையில் தானாகவே தெரியும். கிளிக் செய்தால் அட்மின் பாஸ்வேர்டு கேட்டுவிட்டுத் திறக்கும். ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு அடிப்பது சலித்துப்போய், எதை எந்தக் கோப்புறையில் மவுன்ட் செய்வது (இணைப்பது) என்று குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில், பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யூயூஐடி கொடுத்து ஒரு வரி சேர்த்தேன். மவுன்ட் ஆகும் இடம் எம்என்டி கோப்புறைக்குள். இப்போது பூட் ஆகும்போதே மவுன்ட் ஆகிவிடுகிறது, டெர்மினலில் எல்லாக் கோப்புகளும் இருக்கின்றன. ஆனால் பக்கப்பட்டையில் டிஸ்க்கையே காணோம். பென்டிரைவ் செருகினால் அது மட்டும் ஒழுங்காக வருகிறது. மவுன்ட் ஆகாதபோது தெரிந்தது மவுன்ட் ஆனபின் மறைகிறது என்றால் எங்கே கோளாறு?

முனையம்:
கோளாறு எங்கும் இல்லை இளவேனில். உங்கள் வரியும் சரி, நாட்டிலஸும் தனக்கு விதித்தபடிதான் நடக்கிறது. மவுன்ட் ஆன எல்லாவற்றையும் காட்டுவது அதன் வேலை இல்லை. மவுன்ட் ஆனவற்றைப் பட்டியலிடும் ஃபைண்ட்மவுன்ட் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்: ப்ராக், சிஸ், டெம்ப்எஃப்எஸ், சிகுரூப் என்று டிஸ்க்கே இல்லாத ஃபைல்சிஸ்டம்கள் வந்துகொண்டே இருக்கும். இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு இவை எல்லாமே மவுன்ட்தான். இத்தனையையும் பக்கப்பட்டையில் கொட்டினால் யாராலும் பயன்படுத்த முடியாது. யாராவது வடிகட்டியாக வேண்டும்.

டிஸ்க்கைக் கண்டதும் கர்னல் ஒரு செய்தி அனுப்பும். சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் அதைப் பிடித்து, பார்ட்டிஷனைப் படித்து, ஃபைல்சிஸ்டம் வகை, லேபிள், யூயூஐடி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளும். ரூட் (அட்மின்) உரிமையோடு பின்னணியில் ஓடும் யூடிஸ்க்ஸ் டீமன் அவற்றை, புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் டி-பஸ்ஸில் அறிவிக்கும். உங்கள் லாகின் அமர்வுக்குள், க்னோமின் கோப்பு அடுக்கான ஜிவிஎஃப்எஸ்ஸின் வால்யூம் மானிட்டர் என்று ஒரு புராசஸ் இருக்கிறது. எதைக் காட்டலாம், எதை விடலாம் என்று தீர்மானிப்பது அதுதான். நாட்டிலஸ், நெமோ, தூனார் ஆகிய ஃபைல் மேனேஜர்கள் எல்லாம் அதன் பட்டியலைத்தான் வாங்கிக்கொள்கின்றன.

மவுன்ட் ஆயிற்றா இல்லையா என்ற தகவல் வேறு வழியில் வருகிறது. ப்ராக்கில் மவுன்ட்இன்ஃபோ என்று ஒரு கோப்பு உண்டு. மவுன்ட் பட்டியல் மாறினால், அந்தக் கோப்பை 'போல்' (poll) என்ற கர்னல் அழைப்பில் வைத்துக் காத்திருக்கும் புரோகிராமைக் கர்னலே எழுப்பிவிடும். டெர்மினலில் அன்மவுன்ட் செய்த உடனே பக்கப்பட்டை மாறுவது இதனால்தான். எளிமையான ஏற்பாடு, எனக்கு மிகவும் பிடித்தது.

இனி உங்கள் விஷயம். மவுன்ட் ஆகும் இடம் மீடியா கோப்புறைக்குள்ளோ, ரன்னுக்குள் இருக்கும் மீடியாவில் உங்கள் பயனர்பெயர்க் கோப்புறைக்குள்ளோ, உங்கள் ஹோமுக்குள்ளோ இருந்தால் வால்யூம் மானிட்டர் காட்டும். அங்கேயும் பாதையில் புள்ளியில் தொடங்கும் கோப்புறை வந்தால் மறைத்துவிடும். எம்என்டி இந்த மூன்றிலும் சேராது. பென்டிரைவை யூடிஸ்க்ஸ் தானே மீடியாவுக்குள் மவுன்ட் செய்வதால் அது தப்பிக்கிறது.

முன்பு தெரிந்தது எப்படி என்றால், அப்போது அது எஃப்எஸ்டேப்பில் இல்லாத வெறும் வால்யூம். எஃப்எஸ்டேப்பில் வரி வந்ததும், "இது எங்கே மவுன்ட் ஆகப்போகிறது?" என்று பார்த்து மானிட்டர் அதே விதியைப் போடுகிறது. இப்போது அன்மவுன்ட் செய்து பாருங்கள், அப்போதும் வராது.

தீர்வு ஒரு சொல். எஃப்எஸ்டேப் வரியின் ஆப்ஷன்களில் கமா போட்டு எக்ஸ்-ஜிவிஎஃப்எஸ்-ஷோ என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் சேருங்கள். பிறகு அன்மவுன்ட் செய்து மறுபடி மவுன்ட் செய்யுங்கள். எக்ஸ்-ஹைஃபன் என்று தொடங்குபவை கர்னலுக்குப் போவதில்லை, அதனால் பயப்பட வேண்டாம். கையால் எழுத வேண்டாம் என்றால் டிஸ்க்ஸ் செயலியில் மவுன்ட் ஆப்ஷன்களைத் திறந்தால் இதற்கென்றே ஒரு டிக் பெட்டி இருக்கிறது. மவுன்ட் இடத்தையே மீடியாவுக்கு மாற்றச் சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். பேக்கப் ஸ்கிரிப்ட் ஏதாவது பழைய பாதையை நம்பியிருந்தால் அது உடையும்.

கூடவே நோஃபெயில் ஆப்ஷனையும் போட்டுவிடுங்கள். அது இல்லாமல் என்றாவது அந்த டிஸ்க்கைக் கழற்றினால், பூட்டை நடத்தும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி நிலையில் போய் நிற்கும்.

கேடீஇ_வாசி:
கேடீஇயின் ஃபைல் மேனேஜரான டால்ஃபின் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு: அது ஜிவிஎஃப்எஸ்ஸிடம் கேட்பதில்லை. சாலிட் என்ற நூலகம் வழியாக நேரே யூடிஸ்க்ஸிடம் போகிறது. அதனால் ரூட், ஹோம் பார்ட்டிஷன்கள்கூட அதில் வரும். வேண்டாததை வலது கிளிக் செய்து மறைத்துக்கொள்ளலாம். ஒரே கணினி, ஒரே டிஸ்க், இரண்டு ஃபைல் மேனேஜரில் இரண்டு பட்டியல் வந்தால் குழம்பாதீர்கள்.

இளவேனில்:
வந்துவிட்டது! மிக்க நன்றி முனையம். ஆனால் பெயர் "2.0 டிபி வால்யூம்" என்று இருக்கிறது. "புகைப்படங்கள்" என்று லேபிள் வைக்கப் பார்த்தேன், நீளம் அதிகம் என்று எச்சரித்துவிட்டு வெட்டிவிட்டது. 16 எழுத்து வரை வைக்கலாம் என்றுதானே சொல்கிறார்கள்?

முனையம்:
லேபிள் இல்லாதபோது அளவையே பெயராகக் காட்டும். அந்த 16 எழுத்துக் கணக்கு ஆங்கிலத்துக்கு மட்டும்தான். உண்மையில் அது 16 பைட். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி. "புகைப்படங்கள்" 13 குறி, 39 பைட். "படம்" என்றால் 12 பைட், அடங்கிவிடும். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தில் இன்னும் குறைவு, 12 பைட்தான்.

தமிழில் முழுப் பெயர் வேண்டும் என்று கேட்பது நியாயமான ஆசை, அதை விட்டுக்கொடுக்காதீர்கள். லேபிளைத் தொடாமல் எக்ஸ்-ஜிவிஎஃப்எஸ்-நேம் என்ற ஆப்ஷனுக்குச் சமக்குறி போட்டுப் பெயரைக் கொடுங்கள். அங்கே அந்த 16 பைட் வரம்பு கிடையாது. எஃப்எஸ்டேப்பில் இடைவெளி விட்டால் வரி பிளந்துவிடும். பெயருக்கு நடுவே இடைவெளி வேண்டுமானால் %20 என்று எழுதுங்கள்.

நள்ளிரவு:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எக்ஸ்டர்னல் டிஸ்க் செருகியதும் மவுன்ட் ஆகும்படி ஒரு யூடெவ் ரூல் எழுதியிருக்கிறேன். கட்டளை வெற்றி என்று லாக் சொல்கிறது. ஃபைல் மேனேஜரில் மட்டுமில்லை, ஃபைண்ட்மவுன்ட்டிலும் இல்லை. இதுவும் அந்த வடிகட்டிதானா?

முனையம்:
இல்லை, ஃபைண்ட்மவுன்ட்டிலேயே இல்லை என்றால் வடிகட்டி வரைக்கும் வரவே இல்லை. சிஸ்டம்டி இருக்கும் கணினிகளில் யூடெவ் டீமன் தனக்கென ஒரு மவுன்ட் நேம்ஸ்பேஸில், அதாவது தனி மவுன்ட் பட்டியலோடு, ஓடுகிறது. அதற்குள் நடந்த மவுன்ட் வெளியே பரவாது. ப்ராக்கில் யூடெவ் டீமனின் பிஐடிக்கு (புராசஸ் எண்ணுக்கு) உரிய மவுன்ட்இன்ஃபோவைத் திறந்து பாருங்கள், உங்கள் டிஸ்க் அங்கே இருக்கும். ரூலில் மவுன்ட் கட்டளைக்குப் பதிலாகச் சிஸ்டம்டி-மவுன்ட் போடுங்கள். அது வேலையை வெளியே இருக்கும் சிஸ்டம்டியிடம் ஒப்படைக்கும். லாகின் செய்திருக்கும்போது மட்டும் மவுன்ட் ஆனால் போதும் என்றால் ரூலையே எடுத்துவிட்டு டெஸ்க்டாப்பிடம் விட்டுவிடுங்கள்.