முதல் பனிச்சறுக்குப் பயணம்: பூட்ஸ், பைண்டிங், முழங்கால்

வாடகைக் கவுன்டரில் பூட்ஸ் பொருத்துபவர்:

முதல் தடவை வருகிறவர்கள் ஜாக்கெட்டுக்காக வாரக்கணக்கில் அலைந்திருப்பார்கள், பூட்ஸுக்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்க மாட்டார்கள். முதல் நாள் மதியமே கால் வலி என்று திரும்பி வருகிறவர்களில் நிறையப் பேர், “இறுக்குது, ஒரு சைஸ் பெருசா கொடுங்க” என்று கேட்டு வாங்கிப் போனவர்கள்தான். பூட்ஸ் பெரிதானால் உள்ளே கால் நகரும். அதைத் தடுக்க பக்கிளை இறுக்குவார்கள். பாதத்தின் மேல்புறம் நசுங்கி ரத்த ஓட்டம் குறையும், விரல்கள் மரத்துக் குளிரும். உடனே இன்னும் பெரிய பூட்ஸ் கேட்பார்கள்.

ஸ்கீ பூட்ஸுக்கு மாண்டோபாயிண்ட் அளவு, அதாவது செ.மீ.யில் பாத நீளம். குதிகாலைச் சுவரோடு ஒட்டி, உடல் எடை அந்தக் காலில் இறங்கும்படி நின்று, மிக நீண்ட விரல்வரை அளக்க வேண்டும். இரண்டு கால்களையும் அளந்து பாருங்கள். 26.3 வந்தால் 26.5 கேளுங்கள். பெரும்பாலான மாடல்களில் 26-க்கும் 26.5-க்கும் வெளி ஓடு ஒன்றேதான். சந்தேகம் இருந்தால் லைனரை (உள்ளே இருக்கும் மெத்தை உறையை) உருவிவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் 1.5 முதல் 2 செ.மீ. இடம் இருந்தால் புதியவருக்குப் போதும். அதைத் தாண்டினால் பெரிது.

போடும்போது குதிகாலைத் தரையில் இரண்டு மூன்று தடவை தட்டிப் பின்னால் உட்கார வையுங்கள். கணுக்கால் பக்கிள் முதலில், அடுத்து மேல் பக்கிள், ஸ்ட்ராப். முன்பாதத்துப் பக்கிளைச் சும்மா மாட்டினால் போதும். நிமிர்ந்து நின்றால் விரல்கள் முன்னால் உரச வேண்டும், முழங்காலை முன்னுக்கு மடக்கினால் விலக வேண்டும். மடக்கும்போது குதிகால் மேலெழும்பினால் கூச்சப்படாமல் வேறு ஜோடி கேளுங்கள்.

முழங்கால் உயரத்துக்கு மெல்லிய சாக்ஸ் ஒன்றே ஒன்று. இரண்டு போட்டால் கதகதப்பு கூடாது, குறையும். தெர்மல் பேண்ட்டின் முனையை பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள். அந்த மடிப்பு கணைக்காலில் அழுத்தி, மாலைக்குள் புண்ணாகிவிடும்.

பூட்ஸை ஸ்கீ பலகையோடு பிணைக்கும் பைண்டிங், விழும்போது எந்த விசையில் கழல வேண்டும் என்பதை டின் எண் தீர்மானிக்கிறது. எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸ் அடியின் நீளம் ஆகியவற்றை வைத்து டெக்னீஷியன் அதை அமைப்பார். எடையைக் குறைத்துச் சொன்னால் ஸ்கீ தேவையில்லாத இடத்தில் கழலும். திறமையைக் கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்கால் திருகும். நடுவில் பூட்ஸ் மாற்றினால், சைஸ் அதேதான் என்றாலும் பைண்டிங்கை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். மாடலுக்கு மாடல் அடி நீளம் மாறும்.

ஸ்னோபோர்டு பயிற்சியாளர்:

இந்தக் கழலும் விஷயம் எங்கள் பக்கம் கிடையாது. போர்டு பைண்டிங் விழும்போது கழலாது, அதனால் அடி மணிக்கட்டுக்குப் போகிறது. புதியவர்களுக்கு மிக அதிகம் முறிவது அதுதான். ரிஸ்ட் கார்டு (மணிக்கட்டுக் காப்பு) கட்டாயம் எடுங்கள். முன்னால் விழுந்தால் விரல்களை மடக்கி முன்கைகளால் வாங்குங்கள், உள்ளங்கையை ஊன்றாதீர்கள். பின்னால் விழுந்தால் தாடையை நெஞ்சோடு சேர்த்து, பிட்டத்தில் உட்கார்ந்தபடி உருளுங்கள். போர்டின் விளிம்புகளில் சரிவின் கீழ்ப்பக்கம் இருப்பது பனியில் மாட்டும்போதுதான் ஆளைத் தூக்கி அடிக்கிறது, யோசிக்க நேரமே இருக்காது. ஆகவே விழும் முறையைப் புல்தரையிலோ பாயிலோ முன்பே பழகிவிடுங்கள்.

போர்டில் பக்கவாட்டாக நிற்கும்போது எந்தக் கால் முன்னால் என்று தெரிய, சாக்ஸோடு வழவழப்பான தரையில் ஓடிச் சறுக்கிப் பாருங்கள். தானாக முன்னால் போகிற கால்தான் முன்கால். பைண்டிங்கின் கோணத்தை முன்கால் +15 டிகிரி, பின்கால் −6 அல்லது −9 டிகிரி என்று தொடங்கலாம். முதல் நாட்களில் பெரும்பகுதி பனியில் உட்கார்ந்துதான் இருப்பீர்கள். பேண்ட்டும் கையுறையும் நீர்புகாதவையாக இருக்கட்டும், பேண்ட்டுக்கு 10,000 மி.மீ. நீர்த்தடுப்புத் தரம் போதுமானது. உள்ளே பருத்தி வேண்டாம். வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு குளிரவைக்கும்.

பிசியோதெரபிஸ்ட்:

நடைப்பயிற்சியும் ஓட்டமும் மட்டும் போதாது. சரிவில் இறங்கும்போது தொடைத்தசை நீண்டபடியே சுமை தாங்குகிறது, அந்த வேலைக்கே அதைப் பழக்க வேண்டும். கிளம்புவதற்கு 6 முதல் 8 வாரம் முன்பே, வாரம் மூன்று நாள்: 4 விநாடி எடுத்து மெதுவாக இறங்கும் ஸ்குவாட், படியிலிருந்து ஒற்றைக்காலில் இறங்குவது, சுவரில் முதுகு சாய்த்து நாற்காலி நிலையில் 45 விநாடியில் தொடங்கி 90 வரை. பின்தொடைக்குப் பிரிட்ஜ் (மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது), சமநிலைக்கு ஒற்றைக்காலில் கண்ணை மூடி நிற்பது. கடைசி நான்கைந்து நாள் கடினப் பயிற்சி வேண்டாம்.

ஸ்கீயில் பின்னால் சரிந்து விழுகிறீர்கள் என்றால், சறுக்கல் முழுதாக நிற்கும்வரை எழ முயலாதீர்கள். சறுக்கிக்கொண்டே எழப் பார்க்கும்போது முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழியலாம்.

சரிவு ரோந்துப் பணியாளர்:

கலர் விஷயம் பலரை ஏமாற்றுகிறது. ஐரோப்பாவில் நீலம் சுலபமான சரிவு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். வட அமெரிக்காவிலோ பச்சை வட்டம்தான் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம். ஒரு கண்டத்தில் பழகிய கண்ணோடு இன்னொன்றில் நீலத்துக்குள் இறங்கிப் பாதியில் மாட்டிக்கொள்கிறவர்களைக் கூட்டிவருவது எங்களுக்கு வாடிக்கை.

கீழே இருப்பவருக்கே முன்னுரிமை. மேலிருந்து வருகிறவர்தான் விலக வேண்டும். மேட்டு விளிம்புக்குக் கீழே மறைவாக நிற்காதீர்கள், ஓரமாக நில்லுங்கள். நாற்காலி லிஃப்ட்டில் ஏறுமுன் ஸ்கீ கம்புகளின் பட்டையைக் கையிலிருந்து கழற்றுங்கள், முதுகுப்பையை முன்னால் மாட்டுங்கள். டி-பாரில் (நின்றபடியே மேலே இழுத்துச் செல்லும் லிஃப்ட்டில்) உட்காரக் கூடாது. அது இழுக்கத்தான், உட்கார்ந்தால் கம்பி நீண்டு தரையில் விழுவீர்கள்.

ஹெல்மெட்டில் EN 1077 முத்திரை பாருங்கள் (பனிச்சறுக்கு ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம்). புதுப் பனி புற ஊதாக் கதிரை 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும், மேகமூட்டத்திலும் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். மங்கலான நாளுக்கு எஸ்1 (வெளிறிய) லென்ஸ், வெயிலுக்கு எஸ்3 (கருமையான) லென்ஸ். பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கும் மலை மீட்பும் சேர்ந்திருக்கிறதா என்று வாசகத்தையே படித்துப் பாருங்கள், பல திட்டங்களில் குறியிட்ட பாதைக்கு வெளியே போனால் செல்லாது.

பூட்ஸ் பொருத்துபவர், மறுபடியும்:

ஒன்று விட்டுப்போனது. சாயங்காலம் லைனரை உருவி அறைச் சூட்டில் உலர்த்துங்கள், ஹீட்டர் மேல் வைக்காதீர்கள். லைனரைத் திரும்பப் போட்டதும் ஓட்டின் வடிவம் மாறாமலிருக்க பக்கிள்களைத் தளர்வாக மாட்டிவிடுங்கள். ராத்திரி காரில் விட்டால் பிளாஸ்டிக் விறைத்துக் காலையில் காலே நுழையாது.