குறுவட்டப் போட்டிக்கு 9 நாள்: ஃப்ளூ வந்த 15 வயதுப் பையன் ஓடலாமா?

தடகளம்400:
பேச்சுக்கு ஒரு கணக்கு. 15 வயது, 45 கிலோ, 400 மீட்டர் ஓடுகிற பையன். ஃப்ளூ ஏ. 102 டிகிரி வரை போய், நாலு நாளில் இறங்கிவிட்டது. கழுத்துக்கு மேலே மட்டும் தொந்தரவு என்றால் ஓடலாம் என்பது பழைய விதி. இப்போது மூக்கொழுகல் மட்டும்தான். நாளைக்கே மைதானத்துக்கு வரலாம். பத்து நாள் படுக்கவைத்தால் சீசனே போச்சு.

நாடி:
அந்த விதி வெறும் சளிக்கு. காய்ச்சலும் உடம்பு வலியுமாக அடித்துப்போட்ட ஃப்ளூவுக்குச் செல்லாது. 'இறங்கிவிட்டது' என்கிறீர்களே, கடைசி மாத்திரை எப்போது? பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், எனவே இவனுக்கு 650 சரிதான். ஆனால் அது 4 முதல் 6 மணி நேரம்தான் தாங்கும். காலை 6 மணிக்கு ஒன்றைப் போட்டு 7 மணிக்கு ஓடவிட்டால் தெர்மாமீட்டர் நல்ல பிள்ளையாக 98.6 காட்டும். மாத்திரையே இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும். (ஆஸ்பிரின் கூடவே கூடாது. இந்த வயதில் ஃப்ளூவோடு சேர்ந்தால் ரை சின்ட்ரோம் வரலாம். கல்லீரலும் மூளையும் கெடும்.)

தடகளம்400:
24 மணி நேரம், சரி. அப்புறம் என்ன தடை?

நாடி:
மயோகார்டைட்டிஸ், இதயத் தசை அழற்சி. அரிதுதான். ஆனால் அது இருக்கும்போது முழு வேகத்தில் ஓடினால் துடிப்பு தாறுமாறாகி, ஓடுகிற இடத்திலேயே சுருண்டு விழலாம். எல்லாருக்கும் ஒரு இசிஜி எடுத்துவிட்டால் என்ன?

மருந்துச்சீட்டு:
எல்லாருக்கும் வேண்டாம். இந்த வயதில் இசிஜியின் வி1 முதல் வி3 வரையுள்ள பதிவுகளில் 'டி அலை' என்ற வளைவு தலைகீழாக இருப்பது சில பிள்ளைகளுக்கு இயல்பே. அதைப் பார்த்து மிரண்டு எக்கோ (இதய ஸ்கேன்), ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) என்று அலையவேண்டியதுதான். நெஞ்சுவலி, படபடப்பு, ஓடும்போது மயக்கம், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு: ஒன்று இருந்தாலும் இசிஜி, இதய டாக்டர். நாலு நாள் காய்ச்சல் என்றாலே பரிசோதனை என்பது கோவிட் காலத்து அளவுகோல்.

நாடி:
வைரஸ் வேறு, இதயம் அதேதானே? இசிஜியை விட்டுவிடுகிறேன். ஒரு டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டபிறகுதான் ஓட்டம்.

மருந்துச்சீட்டு:
அதில் தகராறில்லை. பிறகு படிப்படியாக: முதல் 2 நாள் 15 நிமிடம், துடிப்பு நிமிடத்துக்கு 143-க்குள் (220-லிருந்து வயதைக் கழித்து 70 சதவீதம்), அதாவது பேசிக்கொண்டே ஓடும் வேகம். அடுத்த நாள் 30 நிமிடம், மறுநாள் 45, பிறகு 2 நாள் 60, இவையெல்லாம் 164-க்குள் (80 சதவீதம்). தினமும் விழித்ததும் படுக்கையிலேயே மணிக்கட்டில் 30 வினாடி எண்ணி இரட்டியுங்கள். வழக்கத்தைவிட 10 கூடியிருந்தால் அன்று ஓய்வு.

தடகளம்400:
ஓய்வு ஒரு நாள், படிகள் ஆறு. எட்டாம் நாள் வேக ஓட்டம், ஒன்பதாம் நாள் போட்டி. கணக்கு உதைக்கவில்லையே!

நாடி:
கோவிட்டுக்கு வந்த இந்தப் படிகளுக்கு முன்னால் 10 நாள் ஓய்வு இருந்தது. அதை வசதியாக விட்டுவிட்டீர்கள். போட்டியன்று ஹீட்ஸ் (தகுதிச்சுற்று), ஃபைனல், 4x400 ரிலே என மூன்று முறை முழு வேகம் வேறு.

மருந்துச்சீட்டு:
ஃப்ளூவுக்கு அந்த 10 நாள் அதிகம் என்பதே என் கட்சி. ரிலேவை வெட்டிவிடலாம். ஓடி முடித்த 5, 10 நிமிடத்தில் விடாத இருமலோ வீசிங்கோ வந்தால் மூச்சுக்குழல் சுருங்குகிறது. அதற்கு டாக்டர் பார்த்து இன்ஹேலர் கொடுப்பார்.

தடகளம்400:
ரிலே இல்லை. 400-ஐ எட்டாம் நாள் காலை நாடித்துடிப்பைப் பார்த்து முடிவுசெய்யலாம்.

நாடி:
துடிப்பு சரியாக இருந்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அடுத்த வருஷமும் குறுவட்டம் வரும்.