எரிந்த வீட்டைச் சுத்தம் செய்ய ஞாயிற்றுக்கிழமை 22 பேர் வருகிறோம். எதில் தொடங்குவது?

வாழைவண்டி:

நான் தாண்டிக்குடிப் பக்கம். பிக்கப் ஓட்டுகிறேன். மலைவாழையும் சௌசௌவும் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு இறங்குவதுதான் பிழைப்பு. போன செவ்வாய் ராத்திரி கீழே எங்கேயோ பிடித்த தீ, காய்ந்த புல் சரிவு வழியாக ஏறி ஊர் ஓரத்துக்கு வந்துவிட்டது. 2018 மார்ச்சில் குரங்கணியில் 23 பேர் போனார்களே, அந்த நினைப்பில் பெண்களையும் பிள்ளைகளையும் முதலிலேயே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்கள் பச்சைக் கொப்பு ஒடித்து அடித்தோம், தீ தாண்டாமலிருக்கக் கோடு வெட்டினோம். ஒரு வீட்டை மட்டும் காப்பாற்ற முடியவில்லை.

எதிர் வீட்டுப் பெரியம்மா வீடு அது. ரத்த சொந்தம் இல்லை, ஆனால் நான் நடக்கப் பழகியதே அவர் வீட்டுக் களத்தில்தான். உயிருக்கு ஒன்றும் இல்லை, வத்தலக்குண்டில் மகள் வீட்டில் இருக்கிறார். இரண்டு அறை, அடுப்படி, சிமெண்ட் ஷீட் கூரை. பின்னால் ஒன்றரை ஏக்கர் காபி, சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி. சரிவில் கீழ்ப்பாதி கருகிவிட்டது. விலை ஏறட்டும் என்று வைத்திருந்த 11 மூட்டை காபியும் வீட்டுக்குள் எரிந்தது. நான்கு நாளாக ஊரெல்லாம் காபி வறுத்த வாசம். எங்கள் அம்மா காலையில் டீதான் போடுகிறார், ஏன் என்று நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை 22 பேர் சேர்கிறோம். மம்பட்டி 9, கடப்பாரை 4, என் வண்டி. பையன்கள் திட்டம் என்னவென்றால், ஷீட்டை உடைத்து அள்ளி ஓடைப் பள்ளத்தில் கொட்டிவிடுவது, சாம்பலைத் தோட்டத்துக்கு வீசுவது, கருகிய மரம் செடி எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிவிடுவது. "பெரியம்மா வரும்போது எரிந்த அடையாளமே இருக்கக் கூடாது" என்கிறார்கள். ஒரு பையனின் சித்தப்பா கீழேயிருந்து ஜேசிபி அனுப்புகிறேன் என்கிறார். எதையோ தப்பாகச் செய்யப் போகிறோம் என்று எனக்கு உறுத்துகிறது, எது என்று சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. அடுப்படிச் சுவரோரம் ஒரு டப்பாவில் கொஞ்சம் பணமும் ஒரு ஜோடித் தோடும் இருந்ததாம். 22 பேர் மிதிக்கிற இடத்தில் அதை எப்படித் தேடுவது?

சாரல்:

ஜேசிபி வேண்டவே வேண்டாம். கொடைக்கானல் மலையில் கலெக்டர் அனுமதி இல்லாமல் ஓட்டினால் வண்டியைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். சித்தப்பாவை டீ, வடைச் செலவை ஏற்கச் சொல்லுங்கள்.

கவாத்துக்கத்தி:

தம்பி, பண்ணைக்காட்டுப் பக்கம் எங்கள் அண்ணன் தோட்டம் எரிந்தபோது, உங்கள் பையன்கள் சொல்கிற மூன்றையும் அப்படியே செய்தவர்கள் நாங்கள். அடுப்பில் உலை வைத்திருக்கிறேன், நடுவில் எழுந்து போவேன்.

முதலில் அந்த ஷீட். சிமெண்ட் ஷீட் என்று நாம் சொல்வது பெரும்பாலும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்ததுதான். எரியும்போது படபடவென்று வெடித்திருக்குமே? உடைந்த ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத நார்த்தூசி நிற்கும். மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிவிடும், நோய் தலைகாட்ட இருபது முப்பது வருஷம்கூட ஆகும். உடனே ஒன்றும் ஆகாததால்தான் யாருக்கும் பயமில்லை. எங்கள் அண்ணன் மகன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சம்மட்டியால் அடித்து நொறுக்கி அள்ளினான். இன்றைக்கும் அவனுக்குச் சளி பிடித்தால் மதினி தூங்குவதில்லை.

உடைக்கக் கூடாது, விளக்குமாறு போடவே கூடாது. பூவாளியில் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் ரெண்டு சொட்டு விட்டு, நன்றாக நனையவிட்டுத் துண்டு துண்டாகக் கையால் எடுங்கள். உரச் சாக்குக்கு உள்ளே பிளாஸ்டிக் உறை இருக்கும் பாருங்கள், அதில் போட்டுக் கட்டி, இன்னொரு சாக்கில் இறக்கி மறுபடி கட்டி, மேலே என்னவென்று எழுதி ஓரமாக வையுங்கள். எங்கே கொண்டுபோவது என்று பஞ்சாயத்தில் கேட்டுவிட்டு ஏற்றலாம். இந்த வேலைக்கு நாலு பேர் போதும், நாலு பேருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தூசிக்கு ஏற்ற பி100 அல்லது எஃப்எஃப்பி3 மாஸ்க் இருக்க வேண்டும். கொரோனா சமயத்து மிச்சமான என்95 இதற்குப் போதாது. போட்டிருந்த துணியை வீட்டுத் துணியோடு ஊறவைக்காதீர்கள்.

இதற்கெல்லாம் தண்ணீர் வேண்டும். ஊற்றிலிருந்து வரும் கறுப்பு ஓஸ் உருகிப் போயிருக்கும், எங்களுக்குப் போயிருந்தது. சனிக்கிழமையே புது ஓஸ் இழுத்துவிடுங்கள்.

அடுத்து சாம்பல். அடுப்புச் சாம்பலில் பாத்திரம் துலக்கியவர்கள்தானே நாம், அதனால் சாம்பல் என்றால் சுத்தம் என்றே நினைப்பு. வீடு எரிந்த சாம்பல் வேறு. பெயிண்ட், வயர், பேட்டரி, பிளாஸ்டிக் குடம் எல்லாம் அதில் இருக்கிறது. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து வைத்திருந்த மூலை எது என்று பெரியம்மாவிடம் கேளுங்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) மூட்டை இருந்திருந்தால் அந்தச் சாம்பல் ஓடைக்குப் போகவே கூடாது, மீன் செத்து மிதக்கும். ஈரச் சாம்பல் காரம், தோலை அரிக்கும். வெறும் செருப்போடு யாரும் உள்ளே இறங்க வேண்டாம், காலை மூடுகிற பூட்ஸ் வேண்டும்.

(உலை கொதித்துவிட்டது. வந்துவிடுகிறேன்.)

சரி. இப்போது தோட்டம். உங்களை உறுத்துவது இதுவாகத்தான் இருக்கும். நாங்கள் கருகினதையெல்லாம் பிடுங்கி, சருகைக் கூட்டிக் குவித்து, சரிவைத் தலை மொட்டையடித்த மாதிரி ஆக்கினோம். பார்க்க லட்சணமாக இருந்தது, போட்டோகூட எடுத்தோம். மூன்றாம் வாரம் பூமழை வந்தது. செடி பூக்க வேண்டுமே என்று காபிக்காரர்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிற மழை. ஒரே மணி நேரம்தான். மேல்மண் அத்தனையும் கறுப்புக் குழம்பாக இறங்கிக் கீழ்த்தோட்டக்காரர் கிணற்றுக்குள் போய்விட்டது. அந்தச் சண்டை தீர ரெண்டு வருஷம் ஆனது. எரிந்த மண் சில சமயம் தண்ணீரைக் குடிக்காது. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், சேம்பு இலையில் ஊற்றியது போல உருண்டு நின்றால் மேல்மண்ணை முள்வாரியால் லேசாகக் கீறிவிட வேண்டும்.

வேரில் கை வைக்காதீர்கள். செத்த வேரும் கொஞ்ச காலம் மண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஏற்கெனவே விழுந்து கிடக்கிற கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே படுக்கவைத்து, கீழ்ப்பக்கம் முளைக்குச்சி அடித்து, மேல்பக்கம் இடைவெளியில்லாமல் மண் அணையுங்கள். நடுவில் வாழைச் சருகைப் பரப்புங்கள், அதுதான் உங்கள் வண்டியில் வேண்டிய மட்டும் இருக்குமே. உங்கள் 22 பேரில் 15 பேருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை இதுதான்.

காபிச் செடியை நகத்தால் கீறுங்கள். அடித்தண்டில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தரையிலிருந்து ஓர் அடி விட்டு மேலே உள்ளதை வெட்டி அடிக்கவாத்து செய்தால் துளிர்க்கும், ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் செய்கிற வேலை இல்லை. தாண்டிக்குடியிலேயே காபி வாரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அவர்களிடம் எப்போது வெட்டலாம் என்று கேளுங்கள்.

ஒன்று விட்டுப்போனது. எரிந்த அடிமரத்தைச் சுற்றிக் கடப்பாரையால் குத்திப் பார்க்காமல் யாரும் நடக்கக் கூடாது. மேலே அணைந்திருக்கும், வேர் உள்ளே நாள்கணக்கில் கனலும். எங்கள் வேலையாள் ஒருவருக்கு முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. தீ அணைந்து எட்டாவது நாள்.

உரக்கடை:

அக்கா சொல்வதில் சாம்பல் விஷயம் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சாம்பலில் பொட்டாஷ் இருக்கிறது, தோட்டத்துக்கு நல்லதுதானே?

கவாத்துக்கத்தி:

தோட்டத்தில் எரிந்த தழைச் சாம்பல் கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும், அதை யார் வேண்டாம் என்றது? வீட்டுச் சாம்பலை வீசாதே என்கிறேன். டிவி எரிந்த சாம்பலில் என்ன பொட்டாஷ்?

பழைய கேஷியர்:

டப்பா பற்றி. சனிக்கிழமையே மகளையும் அவருக்கு நம்பிக்கையான ஒருவரையும் வரவழைத்து அடுப்படியை மட்டும் தேடி முடித்துவிடுங்கள். யார் மேலும் பேச்சு வராது. மணல் சலிக்கும் சல்லடை போதும், நனைத்துக்கொண்டே சலியுங்கள். உருகியிருந்தாலும் தங்கம் குண்டுமணி மாதிரி எங்காவது ஒட்டிக் கிடக்கும். நோட்டு கருகிக் கட்டியாக ஒட்டியிருந்தால் பிரித்துப் பார்க்காதீர்கள், உதிர்ந்துவிடும். அப்படியே பஞ்சு வைத்து ஒரு டப்பாவில் இறக்குங்கள். கருகி ஒட்டின நோட்டைச் சாதாரண வங்கிக் கிளையில் வாங்க மாட்டார்கள், சென்னையில் ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மூடி உருகின கேஸ் சிலிண்டர் இருந்தால் தொடாமல் ஏஜென்சிக்குச் சொல்லுங்கள்.

விஏஓ வந்து பார்த்து எழுதும் வரை ஒரு கல்லைக்கூட நகர்த்த வேண்டாம். நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். அப்புறம், பட்டா நிலமாக இருந்தாலும் மலைப்பகுதியில் மரம் வெட்ட அனுமதி வேண்டும். 1955இலிருந்து சட்டம் இருக்கிறது, கருகிய மரம் என்றால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். வீட்டு மேல் சாய்கிற மரம் இருந்தால் அதை மட்டும் மனுவில் எழுதுங்கள்.

வாழைவண்டி:

எல்லாருக்கும் நன்றி. விஏஓ வெள்ளிக்கிழமை வந்து எழுதிக்கொண்டு போனார். சனிக்கிழமை மகள் வந்தார். ஒரு தோடு முழுதாகக் கிடைத்தது. இன்னொன்று பித்தளைக் கரண்டியோடு ஒட்டிப் போயிருந்தது, கரண்டியையே பைக்குள் போட்டுக்கொண்டார். நோட்டுக்கட்டு டிபன் பாக்ஸில் இருக்கிறது.

ஞாயிறு 31 பேர் வந்துவிட்டார்கள். ஷீட்டுக்கு ஐந்து பேர், மொத்தம் 38 சாக்கு. சம்மட்டி கொண்டுவந்தவனை ஓஸ் பிடிக்க நிறுத்தினேன், சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம் அக்கா, மேல்பக்கம் குடித்தது, கீழ்ப்பக்கம் நீங்கள் சொன்ன மாதிரி உருண்டது. குறுக்குக்கட்டை ஆறு வரிசை போட்டோம். ஒரு அடிமரத்தில் கடப்பாரை இறங்கின இடத்தில் புகை வந்தது. அதற்கப்புறம் யாருக்கும் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பெரியம்மா நேற்று மேலே வந்தார். வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை, நேராகத் தோட்டத்தில் இறங்கி ஒவ்வொரு செடியாகக் கீறிக்கொண்டே போனார். பச்சை தெரிந்ததற்கெல்லாம் தன் பழைய சேலையைக் கிழித்து முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார், 140க்கு மேல் இருக்கும். பிறகு ஊற்றுக்குப் போகிற தடத்தில் கட்டை போட்டது யார் என்று என்னைத் திட்டினார். நாளைக்கு அந்த ஒன்றை மட்டும் நகர்த்த வேண்டும்.

மிளகுக்கொடியை என்ன செய்வது என்று கேட்கச் சொன்னார். மேலே காய்ந்துவிட்டது, அடியில் ஒரு சாண் பச்சையாக இருக்கிறது. வெட்டுவதா, விடுவதா?