சுவாமிமலைப் பட்டறையில் பார்த்த படிப்பு

“புத்தகம் இல்லாமல் கற்பது வெறும் பழக்கம், அதைக் கல்வி என்று சொல்ல முடியாது” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் ஒரு பட்டறையில் பார்த்ததைச் சொல்கிறேன்.

வயதான ஸ்தபதி ஒருவர், அவரிடம் வேலை பழகும் பத்தாவது முடித்த பையன். செய்யப்போகும் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்து அளவு எடுத்துக்கொண்டிருந்தான். இந்த அளவு ஓலையை ஒடியோலை என்பார்கள். சிவன், பெருமாள் சிலைகளுக்கு உத்தம தசதாலம் என்ற அளவு முறை, உயரத்தை 124 பங்காகப் பிரிப்பார்கள். அம்மனுக்கு 120. எந்த மடிப்பு முகவாய், எது தொப்புள், எது முழங்கால் என்று கேட்டால் ஓலையில் விரலை வைத்தே காட்டினான். சிலை பெரிதானால் ஓலை நீளும், மடிப்பு மாறாது. விகிதக் கணக்கு இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பில் புரியும்?

உருவத்தை முதலில் மெழுகில்தான் செய்கிறார்கள். “மெழுகுதான் சார் கஷ்டம்” என்றான். தேன்மெழுகு, குங்கிலியம் என்ற மரப்பிசின், எண்ணெய் மூன்றையும் காய்ச்சிக் கலக்கிறார்கள். குங்கிலியம் கூடினால் விறைத்துவிடும், எண்ணெய் கூடினால் விரல் பட்ட இடமெல்லாம் அமுங்கும். பெரியவர் இத்தனை கிராம் என்று சொல்லவில்லை. ஒரு துண்டைப் பிய்த்து அவன் கையில் வைத்து, “அழுத்திப் பாரு தம்பி” என்றார். கொஞ்சம் குங்கிலியம் சேர்த்தார், அப்புறம் இன்னொரு துண்டு. “இப்போ?” என்றார். பையன் யோசித்து, “இன்னும் கொஞ்சம் இறுகணும்” என்றான். பெரியவர் தலையாட்டினார்.

மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசுக் கல்லூரியே இருக்கிறது, பாடத்திட்டம் போட்டுச் சிற்பம் கற்றுத்தருகிறார்கள். அதுவும் அவசியம்தான். ஆனால் அந்த இறுக்கத்தை எந்த நூலும் விரலுக்குச் சொல்லாது. மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் பூசி, காயவைத்து, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை. ஒரு அச்சுக்கு ஒரு சிலை, அவ்வளவுதான். தேர்வு இதைவிடக் கடுமையாக இருக்க முடியாது.

*

சுவாமிமலை பற்றி மேலே எழுதியவருக்கு: எங்கள் வீட்டில் இந்தப் புத்தகமில்லாப் படிப்பு வாய் வழியாக நடக்கிறது. மகள் மிருதங்கம் கற்கிறாள். வாத்தியார் முதலில் மிருதங்கச் சொற்களை வாயால் சொல்லச் சொல்கிறார், வாசிப்பு அப்புறம்தான். தா, தி, தொம், நம் ஒவ்வொன்றுக்கும் தோலில் தனி இடம், தனி விரல். ஆதி தாளம் போட்டபடி மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், பிசகாமல் சொன்ன பிறகே வாத்தியத்தில் கை வைக்க விடுவார். பஸ்ஸில் போகும்போது தொடையில் தாளம் போட்டு முணுமுணுப்பாள். ததிகிணதொம் என்ற சொற்கட்டை மூன்று தடவை சொல்லி முடிக்கும்போது கணக்கு தப்பினால் அவளே நிறுத்தி முதலிலிருந்து எடுக்கிறாள். நான் கவனிக்கும் முன்பே அவள் காது பிடித்துவிடுகிறது.

தறி, சமையல், வண்டி ரிப்பேர் என்று இப்படிக் கற்றவர்கள் இருந்தால் எழுதுங்களேன். முதல் நாள் எதைத் தொடச் சொன்னார்கள், எதைத் தொடக்கூடாது என்றார்கள் என்பதையும் சேர்த்து.