வெயில் காலத் தக்காளி சிவக்காமல் மஞ்சளாகவே நிற்பது ஏன்?

கேள்வி (பாலக்கோடு):
ஏப்ரல் அறுவடை. பழம் மெத்தென்று ஆகிறது, நிறம் ஆரஞ்சைத் தாண்டவில்லை. காம்பைச் சுற்றி மஞ்சள் வளையம், அறுத்தால் அந்த இடம் மட்டும் வெள்ளையாகக் கெட்டியாக இருக்கிறது. மண்டியில் இரண்டாம் ரகத்தில் ஒதுக்குகிறார்கள். காயைப் பழுக்கவைக்கும் மருந்தான எத்திபான் அடிக்கலாமா? இதில் சத்தும் குறைவா?

பதில் 1:
எத்திபான் வேண்டாங்க. பழுப்பதை அது முடுக்கும், இந்தச் சூட்டில் சிவப்பைத் தராது. சிவப்பு லைகோபீன், மஞ்சள் பீட்டா கரோட்டின், இரண்டுமே கரோட்டினாய்டு என்ற நிறமி வகைதான். பழத்தின் சூடு 30 டிகிரியைத் தாண்டினால் லைகோபீன் உருவாவது தடைப்படும், பீட்டா கரோட்டின் மட்டும் சேர்ந்துகொண்டே போகும். நேர் வெயில் படும் பழம் சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகவே சுடும். அதனால் செங்காயாகப் பறியுங்கள். பூ முனையில் லேசாக நிறம் திரும்பியதுமே பறித்து, காற்றோட்டமான நிழலில் 20-25 டிகிரியில் வைத்தால் சிவப்பு ஏறும். செங்கல் சுவருக்கு நடுவே ஈர மணல் நிரப்பிய குளிர் அறை இதற்கு நன்றாக உதவும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், 12 டிகிரிக்குக் கீழே போனாலும் நிறம் ஏறாது.

பதில் 2:
அந்த மஞ்சள் வளையத்துக்குச் சாம்பல் சத்து (பொட்டாஷ்) குறைவும் ஒரு காரணம். காய் பெருக்கும் பருவத்தில் 0-0-50 (சல்பேட் ஆஃப் பொட்டாஷ்) உரத்தை லிட்டருக்கு 10 கிராம் கலந்து மாலையில் தெளிக்கலாம். அதைவிட முக்கியம், காய் தெரியட்டும் என்று இலையைக் கிள்ளாதீர்கள். இலையிலும் கரோட்டினாய்டு உண்டு, பச்சையம் மறைப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மிஞ்சிய ஒளியை வெப்பமாக்கி வெளியே தள்ளி இலையைக் காப்பது அதுதான். இலைக்கு இருக்கும் அந்தக் காப்பு, நிழல் போன காய்க்குப் போதாது. தோல் வெந்து வெள்ளைத் திட்டு விழும், அது பிறகு எந்த நிழலில் வைத்தாலும் சிவக்காது.

கேள்வி கேட்டவர்:
வளையம் விழுந்துவிட்ட காய் செங்காயாகப் பறித்தால் சரியாகுமா அண்ணா?

பதில் 2:
ஆகாதுங்க. உள்ளே கெட்டிப்பட்டது அப்படியே நிற்கும். அடுத்த கொத்துக்குப் பாருங்கள்.

பதில் 3:
சத்தைப் பற்றிச் சொல்கிறேன். உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்வது பீட்டா கரோட்டினைத்தான், லைகோபீனை அல்ல. ஆகவே ஆரஞ்சுப் பழம் சத்தில்லாத பழம் என்று தள்ள வேண்டாம். இரண்டும் கொழுப்பில் கரைபவை. பச்சையாகக் கடித்தால் கொஞ்சமே சேரும், எண்ணெய் பிரிய வதக்கிய தொக்கில் நன்றாகச் சேரும். கீரைக்கும் இதே கதைதான், முருங்கைக்கீரையில் ஒரு ஸ்பூன் எண்ணெயாவது இருக்கட்டும். அதைக் காயவைத்துப் பொடி செய்தால் நிழலிலேயே உலர்த்துங்கள், வெயில் பட்டால் கரோட்டின் அழிந்துவிடும். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரை வாங்கவே கூடாது. பின்லாந்து ஆய்வில் (1994) தினம் 20 மில்லிகிராம் எடுத்த புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்று கூடியது. காய்கறியில் வருவதற்கு அந்தப் பயம் இல்லை.