தனியார் கிளினிக் மாத்திரைக்கு மாதம் 260 ரிங்கிட். வயதானவருக்கு என்ன வழி?

படிக்கட்டு_ஆயர்ஈத்தாம்
வணக்கம். பினாங்கில் எங்கள் ஃபிளாட்டில் தனியாக இருக்கும் 71 வயதுப் பாட்டிக்காகக் கேட்கிறேன். இனிப்புநீர் (சர்க்கரை நோய்), பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றும் உண்டு. குறைந்த வருமானக்காரருக்கான எஸ்டிஆர் அரசாங்க உதவித்தொகை பெறுகிறார். தனியார் கிளினிக்கில் மெட்ஃபோர்மின், நோர்வாஸ்க் 10, லிப்பிட்டோர் 20, ஜார்டியன்ஸ் 10 எடுக்கிறார். அரசாங்க மருத்துவ உதவித் திட்டங்களான ஸ்கிம் பெருபாத்தான் மடானியிலோ பெகா பி40-இலோ இவை கிடைக்குமா? வேறு நிதி ஏதும் உண்டா?

மாத்திரைப்பெட்டி
அந்த இரண்டையும் முதலிலேயே கழித்துவிடுங்கள். மடானி திட்டம் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு மாதிரி திடீர் நோய்க்கு மட்டும். 2024 கணக்குப்படி துணையில்லாத முதியவருக்கு ஆண்டுக்கு 125 ரிங்கிட். மாதாந்திர மாத்திரை அதில் சேராது. பெகா பி40-இல் இலவசப் பரிசோதனை உண்டு, மருத்துவக் கருவிக்கு 20,000 ரிங்கிட் வரை உண்டு, புற்றுநோய் சிகிச்சையை முடித்தால் 1,000 உண்டு. மாத்திரைக்கு ஒரு சென்னும் இல்லை. ஆனாலும் பரிசோதனையைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். அந்த ரத்த முடிவுத்தாள் அடுத்த படிக்கு உதவும்.

அடுத்த படி கிளினிக் கெசிஹாத்தான், அதாவது அரசாங்க சுகாதார கிளினிக். பாட்டிக்கு நிதி தேடுவதைவிட மருந்தை அங்கே மாற்றுவதுதான் வேலை. வெளிநோயாளிக்கு அங்கே 1 ரிங்கிட், 60 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களுக்கு அதுவும் இல்லை. மருந்தும் அதற்குள் அடக்கம்.

எடுத்துப்போக வேண்டியவை: ஐசி (அடையாள அட்டை), தனியார் டாக்டரின் கடிதம், கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைப் பெட்டிகளும். கடிதத்தில் பிராண்ட் பெயரோடு மருந்தின் பொதுப்பெயர், மில்லிகிராம், எந்த வேளைக்கு எத்தனை என்பதும் இருக்க வேண்டும். "ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு நீள மாத்திரை" என்று கவுண்டரில் சொன்னால் யாருக்கும் பயனில்லை.

பலர் கையில் மாத்திரை தீர்ந்த அன்றே போய் நிற்கிறார்கள். முதல் முறை ரத்தம் எடுத்துவிட்டு வேறொரு தேதி கொடுத்தால் இடையில் மருந்தே இல்லாமல் போகும். இரண்டு வாரக் கையிருப்பு இருக்கும்போதே போங்கள்.

கவுண்டர்_எண்_4
மாத்திரைப்பெட்டி சொன்னது சரி. ஆனால் அதே நான்கு பெட்டியும் கிடைக்கும் என்று பாட்டியிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலில் எந்த மருந்தை யார் எழுதலாம் என்று வகை பிரித்திருக்கிறார்கள். ஜார்டியன்ஸ், அதாவது எம்பாக்லிஃப்ளோசின், சாதாரண மருத்துவ அதிகாரி தானாகத் தொடங்கும் மருந்து அல்ல, நிபுணர் முடிவு செய்ய வேண்டும். சின்ன கிளினிக்குகளுக்குக் குடும்ப மருத்துவ நிபுணர் குறிப்பிட்ட நாளில்தான் வருவார். அந்த நாளைக் கேட்டுத் தேதி வாங்குங்கள். அதுவரை ஜார்டியன்ஸைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

கொலஸ்ட்ரால் மருந்தையும் கவனியுங்கள். லிப்பிட்டோருக்குப் பதில் சிம்வாஸ்டாட்டின் எழுதினால், அம்லோடிபின் (நோர்வாஸ்க்) சாப்பிடுகிறவருக்கு அது 20 மி.கி.க்கு மேல் போகக்கூடாது. தசைவலி, தசைச் சேதம் வரும் வாய்ப்புக் கூடும். அதை மருந்தாளரிடம் நேராகக் கேட்கலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எனக்கு அதிகம் பயம் வருவது இரட்டை மாத்திரையில்தான். வீட்டு டிராயரில் நோர்வாஸ்க் 10 பாதிப் பெட்டி கிடக்கும். அரசாங்க கிளினிக் பையின் லேபிளில் அம்லோடிபின் 10 என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான்! பெயர் வேறாக இருப்பதால் வயதானவர் இரண்டையும் விழுங்கி, காலை எழுந்ததும் தலைசுற்றி விழுகிறார். லிப்பிட்டோரும் அடோர்வாஸ்டாட்டினும் அப்படியே. புதுப் பை வந்த அன்றே பழைய பெட்டிகளைத் தனியாகக் கட்டி, அடுத்த தேதிக்குக் கிளினிக் மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள்.

படிக்கட்டு_ஆயர்ஈத்தாம்
நன்றி அக்கா. பாட்டிக்கு மூட்டுவலி, மாதா மாதம் போய் வரிசையில் நிற்க முடியாது. அதற்கு?

கவுண்டர்_எண்_4
பொதுவாக மருந்துச் சீட்டு சில மாதங்களுக்கு இருக்கும், மருந்து மாத அளவில் கொடுப்பார்கள். அடுத்தடுத்த மாதத்துக்கு டாக்டரைப் பார்க்க வேண்டாம், மருந்தகக் கவுண்டர் போதும். பாட்டியின் ஐசியும் சீட்டும் இருந்தால் நீங்களே வாங்கலாம். சில இடங்களில் காரிலிருந்தபடியே வாங்கும் பாண்டு லாலு கவுண்டரும் உண்டு.

பினாங்கு அரசாங்க மருத்துவமனையான ஹாஸ்பிட்டல் புலாவ் பினாங்கில் நிபுணர் பார்த்தால், மீதி மாதங்களை வீட்டருகே உள்ள கிளினிக்கில் எடுக்க எஸ்பியுபி என்ற ஏற்பாடு இருக்கிறது. மருந்தகத்தில் அதற்கான படிவத்தைக் கேளுங்கள். எடுக்கப்போகும் கிளினிக்கிற்கு ஒரு வாரம் முன்னதாகவே சொல்லிவையுங்கள். அங்கே வழக்கமாக வைக்காத மருந்து என்றால் வரவழைக்க நேரம் வேண்டும்.

தபாலிலும் அனுப்புகிறார்கள், தபால் கட்டணம் நம்முடையது. இன்சுலின் மாதிரி குளிரில் வைக்கும் மருந்து தபாலில் வராது.

மாத்திரைப்பெட்டி
நிதி பற்றியும் கேட்டீர்கள் அல்லவா. சுகாதார அமைச்சின் தாபோங் பந்துவான் பெருபாத்தான் என்ற மருத்துவ உதவி நிதி, அரசாங்க மருத்துவமனையே கொடுக்காத விலையுயர்ந்த மருந்து, கருவிகளுக்கானது. வழி மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளர்தான், நேராக அமைச்சுக்கு எழுத வேண்டாம். டாக்டர் அறிக்கை, விலைப்பட்டியல், வருமானச் சான்று, பேங்க் கணக்கு விவரம் கேட்பார்கள். முதலில் வாங்கிவிட்டு ரசீதோடு போகாதீர்கள், அப்படித்தான் பல விண்ணப்பங்கள் விழுந்துபோகின்றன. உங்கள் பாட்டியின் நான்கு மாத்திரைக்கு இது தேவைப்படாது.

சமூகநலத் துறையின் முதியோர் உதவி வேறு. 2025 முதல் மாதம் 600 ரிங்கிட். மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பித்தால் அதிகாரி வீடு வந்து விசாரிப்பார், பிள்ளைகளின் வருமானமும் கணக்கில் வரும். முஸ்லிம் என்றால் ஸக்காத் (இஸ்லாமிய தர்ம நிதி) அலுவலகத்தின் மருத்துவ உதவியையும் கேட்கலாம்.

செந்தூல்_சைக்கிள்
ஒரு சின்ன விஷயம், கோலாலம்பூருக்கும் பொருந்தும். கிளினிக் மாறி முடியும்வரை வாங்க வேண்டியிருந்தால், தனியார் டாக்டரிடம் மருந்து வாங்காமல் சீட்டு மட்டும் கேளுங்கள். ஃபார்மசியில் ஜெனரிக், அதாவது பிராண்ட் பெயரில்லாத அம்லோடிபின், அடோர்வாஸ்டாட்டின் பல மடங்கு மலிவு. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்கும் ஃபார்மசியும் மருந்து விலையைக் காட்டியாக வேண்டும். இரண்டு கடையில் விலை பார்த்துவிட்டு வாங்குங்கள். ஜார்டியன்ஸ் மட்டும் அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

சர்க்கரை அளவு பார்க்கும் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பைப் பெரும்பாலும் சொந்தக் காசில்தான் வாங்க வேண்டியிருக்கும். மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர் தினமும் குத்திப் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பாதிப் பேருக்கு அந்தச் செலவே தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.