வியட்நாம் 10 நாள், நடுவில் சியெம் ரீப்: இந்த விசா போதுமா? அவசரம்

முதல்_பயணி: ஈ-விசா வந்துருச்சு. ஹனோய், ஹா லாங், ஹோய் ஆன், சைகோன், அங்கிருந்து கம்போடியாவுல சியெம் ரீப் போய் அங்கோர் வாட் 3 நாள், மறுபடி சைகோன், ஃபூ குவாக். மொத்தம் 10 நாள். விசாவுல ஒருமுறை நுழைவுன்னு போட்டிருக்கு. பிரச்னை வருமா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

காகிதக்கப்பல்: எந்த நாட்டு பாஸ்போர்ட்? எந்த மாசம்? டிக்கெட் போட்டாச்சா? திரும்புறது எந்த ஊர்ல இருந்து? மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்னா 30 நாளுக்கு விசாவே வேண்டாம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்னா கண்டிப்பா வேணும். எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது.

பழைய_பெட்டி: விண்ணப்பத்துலயே ஒருமுறையா, பலமுறையான்னு கேக்கும். 25 டாலர், 50 டாலர்னு கட்டணமும் வேற வேற. அதைக்கூடப் படிக்காம பணத்தைக் கட்டிட்டு வந்து அவசரம்னா என்ன செய்றது? கம்போடியாவுக்குக் கிளம்பின நிமிஷமே உங்க விசா தீர்ந்துபோச்சு. தேதி 90 நாள் வரைக்கும் இருக்கேன்னு நினைக்காதீங்க, அது தங்குறதுக்கான கெடு. சைகோன் வந்து இறங்கின பிறகு இல்ல, சியெம் ரீப் செக்-இன்லயே நிறுத்திடுவாங்க.

நீலவானம்: கேட்டவர் புதுசு, கொஞ்சம் பொறுமையா சொல்லலாமே.

வந்த விசாவை ஒருமுறையிலிருந்து பலமுறைக்கு மாத்த முடியாது, கட்டின பணமும் திரும்பாது. புதுசாத்தான் விண்ணப்பிக்கணும். 3 வேலை நாள்னு சொன்னாலும் சனி, ஞாயிறு, அவங்க அரசு விடுமுறை எதுவும் கணக்குல வராது. அதனால கிளம்ப 2 வாரம் இருக்கும்போதே போட்டுடுங்க. டாட் கவ் டாட் விஎன்னு முடியுற அரசு தளத்துல மட்டும் போடுங்க. தேடினா மேல வர்ற பல தளங்கள் இடைத்தரகர்களோடது, கூடுதலா வசூலிப்பாங்க. முகப் படத்துல கண்ணாடி கூடாது. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதில ஒரு எழுத்து தப்பானாலும் மறுபடி காசு கட்டணும்.

கம்போடியாவுக்கும் தனியா விசா வேணும், அதை மறந்துடாதீங்க.

செலவே இல்லாத வழி ஒண்ணு இருக்கு. சியெம் ரீப்பைக் கடைசிக்குத் தள்ளி, அங்கிருந்தே ஊர் திரும்பணும். வியட்நாமுக்குள்ள ஒரே தடவைதான் நுழையுறீங்க, இப்ப இருக்கிற விசாவே போதும்.

தீவுக்காரன்: எதுக்கு இவ்வளவு சுத்து? ஃபூ குவாக் தீவுக்கு எந்த நாட்டவருக்கும் 30 நாள் விசா விலக்கு இருக்கு. சியெம் ரீப்ல இருந்து நேரா தீவுக்குப் போங்க, முடிஞ்சது.

நீலவானம்: @தீவுக்காரன் பாதி சரி. அந்த விலக்கு தீவுக்கு மட்டும்தான். சைகோன் வழியா மாறிப் போனா, விமான நிலையத்தோட பன்னாட்டு மாறுதல் பகுதிய விட்டு வெளியே வரக்கூடாது. திரும்பும்போதும் அப்படித்தான். நடுவுல ஒரு ராத்திரி சைகோன்ல தங்கினா விலக்கு செல்லாது.

முதல்_பயணி: அக்டோபர் கடைசி வாரம். 2 பேர். திரும்புறது சைகோன்ல இருந்து, டிக்கெட் போட்டாச்சு. ஹோய் ஆன்ல பைக் எடுத்து சுத்தலாம்னு இருக்கோம்.

காகிதக்கப்பல்: மாசத்தை முதல்லயே சொல்லியிருக்கலாம். விசாவை விட அதுதான் பெரிய சிக்கல்.

வியட்நாம் நெடுக்க ஒரே பருவம் கிடையாது. அக்டோபர் கடைசியில ஹனோய், ஹா லாங் பக்கம் மழை ஓய்ஞ்சு இதமா இருக்கும். நடு வியட்நாம்ல அப்பதான் உச்ச மழை. வடகிழக்குக் காற்று கடல் ஈரத்தை அள்ளிட்டு வந்து ட்ரூங் சோன் மலைல முட்டுது, புயலும் சேர்ந்துக்கும். நம்ம ஐப்பசி அடைமழை மாதிரின்னு வச்சுக்கங்க. ஹோய் ஆன் பழைய நகரம் து போன் ஆத்தங்கரைல இருக்கு, ஆறு பெருகினா தெருவுல படகு ஓடும். தெற்குல மழை குறைய ஆரம்பிச்சிருக்கும். ஃபூ குவாக்ல கடல் தெளிய நவம்பர் ஆகும்.

இன்னொண்ணு, 10 நாள்ல இத்தனை ஊர் வேண்டாம். ஹா லாங்ல படகுல ஒரு ராத்திரின்னாலே ரெண்டு நாள் போயிடும், ஹனோயிலிருந்து ரோடு மட்டும் போக ரெண்டரை மணி நேரம். புயல் எச்சரிக்கைன்னா துறைமுகம் படகையே விடாது, அதுக்கு ஒரு நாள் கையில வச்சுக்கங்க. ஹோய் ஆனுக்குப் பதிலா நின் பின் போங்க. ஹனோய்க்குத் தெற்கே சுமார் 95 கி.மீ., சுண்ணாம்புப் பாறைக்கு நடுவுல படகு, குகை எல்லாம் அங்கயும் இருக்கு. ஹனோய், ஹா லாங், நின் பின், அப்புறம் விமானத்துல சைகோன். இதுவே நிறைவா இருக்கும்.

பழைய_பெட்டி: பைக் வேண்டாம். உங்க பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் அங்க செல்லாது.

சக்கரம்: பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க. 1968 வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி கொடுத்த உரிமம் செல்லும். கையேட்டு அட்டைலயே எந்த ஒப்பந்தம்னு அச்சடிச்சிருக்கும், 1949 ஜெனிவா ஒப்பந்தம்னு இருந்தாதான் செல்லாது.

பழைய_பெட்டி: இங்க கேக்குறவங்க பெரும்பாலும் 1949தான். நான் சொன்னது அவங்களுக்குத்தான்.

சக்கரம்: அப்ப அதைச் சொல்லுங்க. 50 சிசிக்குக் கீழ உள்ள வண்டிக்கு உரிமமே வேண்டாம், மின்சைக்கிளும் கிடைக்கும்.

பழைய_பெட்டி: கடைல கையில கொடுக்கிறது 110, 125 சிசி. பாஸ்போர்ட்டைப் பிணையா கேப்பாங்க, உரிமம் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. கடைக்காரர் கேக்கலைன்னா சட்டப்படி சரின்னு ஆயிடாது.

முதல்_பயணி: சியெம் ரீப், ஹோய் ஆன் ரெண்டையும் எடுத்துட்டோம். பழைய விசாவே போதும்ல? நன்றி எல்லாருக்கும்.

நீலவானம்: போதும். விண்ணப்பத்துல நுழைவு வாயில் நொய் பாய்னு (ஹனோய் விமான நிலையம்) கொடுத்திருக்கீங்களான்னு மட்டும் பாத்துக்கங்க. விசாவை ரெண்டு தாள்ல அச்செடுத்து வச்சுக்கங்க. பணத்துல ஒண்ணு கவனம்: 20,000 டோங் நோட்டும் 500,000 டோங் நோட்டும் ரெண்டுமே நீலச் சாயல். இருட்டு டாக்சில 25 மடங்கு கொடுத்துடுவீங்க, தனித்தனியா வச்சுக்கங்க. பகல்ல கடிக்கிற கொசுதான் டெங்கு பரப்பும், முதல்ல வெயில் கிரீம், அது காஞ்சதும் கொசு மருந்து.

சக்கரம்: @பழைய_பெட்டி பாஸ்போர்ட்டைப் பிணையா கொடுக்கவே கூடாது. பணமா வாங்கிக்கிற கடையும் இருக்கு.

பழைய_பெட்டி: விபத்து நடந்தா பிணை பத்திக் கவலைப்பட நேரம் இருக்காது. செல்லாத உரிமத்தோட ஓட்டினா பயணக் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்காது. பாலிசில 'செல்லுபடியாகும் உரிமம்'னு ஒரு வரி இருக்கும், அதைப் படிச்சிட்டு வந்து பேசுங்க.

சக்கரம்: படிச்சிருக்கேன். அதே பாலிசில 125 சிசி வரைக்கும்னு வரம்பும் இருக்கும், அதையும் சேர்த்துப் படிங்க.